மூன்று தலை நாகத்தின் பெறுமதி

டோக்கியோ மாநகரைக் கண்டு திரும்புவோர் பெரும்பாலும் சில காட்சிகளைப் பற்றியே பேசுவர். பேரரசர் மாளிகையின் அகழி, அசகுசாவிலுள்ள சென்சோஜி ஆலயம், 1958 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட செந்நிறக் கோபுரம், வானம் தெளிந்திருந்தால் தொலைவில் வெண்முடி காட்டும் பூஜி மலை ஆகியன அவர்கள் பேச்சில் தவறாது இடம்பெறும். இவை யாவும் காணத்தக்கனவே. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் எதனை வணங்குகிறார்கள் என்பதை ஆலயங்கள் காட்டும். எதனை எறிந்துவிட மனமின்றிக் காத்து வைத்திருக்கிறார்கள் என்பதை அறிய வேறோர் இடத்துக்குச் செல்ல வேண்டும். யப்பானியரைப் பொறுத்தவரை அவ்விடம் நகானோவில் இருக்கிறது.

நகானோ, டோக்கியோவின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு வட்டாரம். சின்ஜூகு நிலையத்தில் சூவோ வழித்தடத்து விரைவு ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே நகானோதான். ஐந்து நிமிடப் பயணம். வடக்கு வாயிலால் வெளியேறியதும், மேலே கூரை வேய்ந்த நீண்ட கடைத்தெரு ஒன்று நம்மை எதிர்கொள்ளும். செருப்புக் கடை, தேயிலைக் கடை, மருந்துக் கடை, வறுத்த இனிப்புப் பண்டம் விற்கும் கடை என இரு மருங்கும் நாளாந்த வாழ்க்கைக்கு வேண்டிய பொருள்களே நிறைந்திருக்கும். மழை பெய்தாலும் குடை பிடிக்காமல் நடக்கலாம். அத்தெருவின் முடிவில், தெருவே சுவராக நிமிர்ந்து நின்றாற்போல, நகானோ புரோட்வே என்னும் கட்டடம் நிற்கிறது.

இக்கட்டடம் 1966 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. நிலவறையிலும் முதல் நான்கு தளங்களிலும் கடைகள். அவற்றின் மேலே குடியிருப்புகள். உச்சியிலே தோட்டமும் நீச்சற் குளமும். அக்காலத்தில் வசதி படைத்தோர் விரும்பி வாழ்ந்த இல்லம் இது. நாளடைவில் நகரத்தின் வேறு பகுதிகளிற் புதிய அங்காடிகள் எழுந்தன. அதனால் இங்கே சில கடைகள் வெறுமையாயின, வாடகையும் தாழ்ந்தது. 1980 ஆம் ஆண்டில், சித்திரக் கதை வரைபவரான பூருகாவா மசுசோ என்பவர், பழைய சித்திரக் கதை நூல்களை விற்பதற்காக இங்கே மண்டரகே என்ற மிகச் சிறிய கடையொன்றைத் திறந்தார். அச்சிறு கடை வளர்ந்து இன்று கட்டடத்தின் பல தளங்களிலும் பல கிளைகளாகப் பரவியிருக்கிறது. அதனைச் சூழ்ந்து பழைய கைக்கடிகாரம், பழைய தபால்தலை, பழைய இசைத்தட்டு, பழைய விளையாட்டுப் பொருள் முதலியன விற்கும் தனிக்கடைகளும் பெருகின. முதற் தளத்திலிருந்து ஏறும் இயங்குபடி இரண்டாந் தளத்தில் நில்லாது நேரே மூன்றாந் தளத்தில் நம்மை இறக்கிவிடும். புதிதாக வருவோர் ஒருமுறையேனும் வழி தவறாமல் இக்கட்டடத்தை விட்டு வெளியேறுவது அரிது.

ஆயினும் நிலவறைக்கு இறங்கினால் மீன் கடையும் மரக்கறிக் கடையும் இருக்கின்றன. கூடையுடன் வரும் இல்லத்தரசிகளும், பொம்மை தேடி வரும் இளைஞரும் ஒரே படியில் ஏறி இறங்குகின்றனர். இது காட்சிச்சாலை அன்று. மனிதர் வாழும் இடம். இக்கட்டடத்தின் அழகும் அதிலேதான் இருக்கிறது.

யார் இந்த வில்லன்?

நான் நகானோவுக்குச் சென்றது ஒரு திரைப்பட வில்லனைத் தேடி. அவ்வில்லன் மனிதன் அல்லன். மூன்று தலையும் இரண்டு வாலும் அகன்ற சிறகுகளும் உடைய பொன்னிற நாகம். பெயர் கிங் கிடோரா.

1954 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான 'கொட்சிலா' என்னும் படத்தை வாசகர் பலர் அறிந்திருப்பர். அணுக்குண்டுச் சோதனையால் விழித்தெழுந்த பேருரு விலங்கு டோக்கியோவை அழிக்கும் கதை அது. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் எரிந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்த காலம். அப்படத்தைப் பார்த்தோர் அதனை வெறுங்கதையாகப் பார்த்திருக்க முடியாது. பின்னர் வந்த படங்களிலே கொட்சிலாவின் கொடுமை படிப்படியாகக் குறைந்தது; சிறுவர் அதனை நேசிக்கத் தொடங்கினர். நாயகனாகிவிட்ட விலங்குக்கு எதிரே நிற்க ஒரு வில்லன் தேவைப்பட்டான். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தோஹோ நிறுவனம் வெளியிட்ட படத்தில் அவன் வந்து சேர்ந்தான்.

அப்படத்தை இயக்கியவர் ஹொண்டா இஷிரோ. தந்திரக் காட்சிகளை அமைத்தவர் சுபுராயா எய்ஜி. மலைப் பள்ளத்தாக்கிலே விண்கல் ஒன்று விழுகிறது. அது வெடித்துத் தீப்பிழம்பாக மேலெழுகிறது. அத்தீயே முறுகித் திரண்டு மூன்று தலை நாகமாக உருக்கொள்கிறது. வெள்ளிக் கிரகத்திலே வாழ்ந்த மேலான ஓர் இனத்தை ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழித்தொழித்த பகைவன் அது என்று கதை கூறுகிறது. தம்முள் ஓயாது பொருத கொட்சிலாவும், ரொடான் என்னும் பறவையரக்கனும், மொத்திரா என்னும் கம்பளிப்புழுவின் வேண்டுகோளை ஏற்று, இப்பொது எதிரிக்கு எதிராக ஒன்று சேர்கின்றன. பகைவர் இருவரைச் சேர்த்து வைக்க ஒரு புழு தூது நடக்கும் அக்காட்சி நகைப்பையும் தரும், சிந்தனையையும் தரும்.

இராவணனுக்குப் பத்துத் தலை என்று கேட்டு வளர்ந்த நமக்கு மூன்று தலை பெரிய வியப்பன்று. யப்பானியருக்கும் அது புதிதன்று. அவர்களுடைய பழைய புராணத்திலே எட்டுத் தலையும் எட்டு வாலும் உடைய ஒரொச்சி என்ற பாம்பைச் சுசனோவோ என்னும் தெய்வம் வெட்டி வீழ்த்துகிறது. புதியதாக இருந்தது, அவ்வுருவத்தை அசைத்த முறையே. உருவத்தின் உள்ளே ஒரு மனிதர் நின்று நடக்க, மூன்று கழுத்துகளையும் இரு வால்களையும் சிறகுகளையும் மேலிருந்து மெல்லிய கம்பிகளால் இயக்கினார்கள். பல கைகள் ஒருமித்து இழுத்தாலன்றி அந்நாகம் உயிர்பெறாது. பொம்மலாட்டம் கண்டு பழகியோர் அவ்வுழைப்பை எளிதில் உணர்வர்.

1965, 1968, 1972 ஆம் ஆண்டுகளில் வெளியான படங்களிலும் கிங் கிடோரா மீண்டும் மீண்டும் வந்து மீண்டும் மீண்டும் தோற்றது. 2001 ஆம் ஆண்டுப் படமொன்றில் அதனைக் காவல் தெய்வமாகவும் காட்டினார்கள். ஆயினும் யப்பானியச் சிறுவர் பல தலைமுறையாக அறிந்த கிடோரா, அழிக்க வருவதும் தோற்றுப் பறந்து போவதுமான அந்தப் பொன்னிற வில்லனே.

வார்க்கப்படும் விதம்

திரையிற் கண்டதைக் கையிலே பிடிக்க விரும்புவது சிறுவர் இயல்பு. 1966 ஆம் ஆண்டில் மருசான் என்ற நிறுவனம் இத்தகைய பேருரு விலங்குகளை மென்மையான வினைலிற் செய்து விற்கத் தொடங்கியது. அந்நிறுவனம் நொடித்தபின், அங்கே பணியாற்றியோர் சிலர் 1969 இல் புல்மார்க் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பழைய அச்சுகள் சிலவற்றைப் பெற்றும் புதியன செய்தும் அவர்கள் நடத்திய வாணிகம் 1977 இல் முடிவுற்றது. அவ்விரு நிறுவனங்களின் பொம்மைகளே இன்று நகானோவில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருக்கின்றன. மென்வினைல் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி, யப்பானியர் இவ்வகைப் பொம்மையைச் 'சோபுபி' என்று அழைக்கின்றனர்.

இது செய்யப்படும் விதத்தை மாணவர்கள் அறிதல் நன்று. முதலிற் களிமண்ணில் உருவம் வனைவர். அதிலிருந்து மெழுகுப் படி ஒன்று எடுப்பர். அம்மெழுகின்மேல் மின்முலாம் முறையிலே செம்பைச் சிறிது சிறிதாகப் படியச் செய்து, உரிய கனம் வந்ததும் மெழுகை உருக்கி வெளியேற்றுவர். எஞ்சுவது செப்பு அச்சு. அதனுள் பால்போன்ற வினைற் குழம்பை ஊற்றிக் கொதிக்கும் எண்ணெயில் அமிழ்த்துவர். அச்சின் உட்சுவரை ஒட்டிய பகுதி முதலில் இறுகும். நடுவில் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு மீண்டும் சூடாக்குவர். பின்னர் அச்சின் ஒடுங்கிய வாயினூடே, வெப்பம் ஆறாமலே, குறட்டினாற் பற்றி உருவத்தை வெளியே இழுப்பர். மென்மையாதலால் அது மடங்கி நெளிந்து வெளிவந்து, தன் வடிவத்தை மீண்டும் பெறும்.

நம் சிற்பிகள் விக்கிரகம் வார்க்கும்போதும் மெழுகையே முதலில் உருவாக்குவர். அங்கே அச்சு ஒருமுறையோடு உடைக்கப்படும். இங்கே செப்பு அச்சு மீண்டும் மீண்டும் பயன்படும். இவ்வேறுபாட்டினை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெறுமதி பார்க்கும் இடத்தில் இதுவே பெருஞ் சிக்கலாக வரும்.

டோக்கியோவின் கிழக்கேயுள்ள கத்சுசிகா வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. முன்பு அங்கே செலுலோயிட் பொம்மைகள் செய்தனர். செலுலோயிட் எளிதில் தீப்பற்றும்; ஆகவே 1950களில் அமெரிக்கச் சந்தை அதனைத் தள்ளியது. தொழிலாளர் வினைலுக்கு மாறினர். வீட்டின் கீழ்த்தளத்திலே அடுப்பும் எண்ணெய்த் தொட்டியும் வைத்து, மேல்தளத்திலே குடும்பம் நடத்திய சிறு பட்டறைகள் பல அங்கே இருந்தன.

வந்த காரியம்

பயிற்சி வகுப்பொன்றுக்காக நான் டோக்கியோவில் இரு வாரம் தங்கியிருந்தேன். என்னிடம் வரலாறு கற்ற மாணவன் ஒருவன் அந்நகரிலே பொறியியல் படிக்கிறான். கற்கும் மாணவர் வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம்வரையே கூலிக்கு வேலை செய்யலாம் என்பது அந்நாட்டு விதி. இரவிலே உணவுப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் நின்று, அவன் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறான்.

அவன் அந்நாட்டுக்குப் போன புதிதில் வாடகைக்கு அறை கிடைக்கவில்லை. பிணை நிற்க ஓர் உள்ளூர்க்காரர் இல்லாமல் அங்கே அறை பெறுதல் கடினம். அவ்வேளையில் கத்சுசிகாவிலுள்ள ஒரு பெரியவர், பிணையும் கேளாமல் முற்பணமும் வாங்காமல், தம் வீட்டு மாடியறையை அவனுக்குத் திறந்துவிட்டார். அறுபது வயதைக் கடந்தவர். இளமையில் வினைற் பட்டறையிலே குறடு பிடித்து உருவம் இழுத்தவர். பட்டறை மூடப்பட்டு ஆண்டுகள் பலவாகின்றன. ஒருநாள் தொலைக்காட்சியில் அந்தப் பழைய படம் ஓடியபோது, எட்டு வயதிலே தம்மிடம் ஒரு கிங் கிடோரா இருந்ததாகவும், வீடு மாறிய நாளில் அது தொலைந்துபோனதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை.

படிப்பு முடிந்து வேறு நகரத்துக்குப் புறப்படும் வேளையில் என் மாணவன் அச்சொல்லை நினைத்துக்கொண்டான்.

"சேர், நான் ஆசையோடு பார்ப்பேன், அதனால் பிழையாகப் பார்ப்பேன். நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் நகானோவுக்குப் புறப்பட்டோம்.

மூன்று பொம்மைகள்

மூன்றாந் தளத்து மூலையொன்றில் ஒடுங்கிய கடை. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் கேட்டதும் பேழையைத் திறந்து, மேசைமேற் கரிய துணியை விரித்து, வெள்ளைக் கையுறை அணிந்த பின்னர் மூன்று கிடோராக்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார்.

முதலாவது, புல்மார்க் காலத்தது. பொலித்தீன் பையும், அதன் வாயை மடித்துப் பிடிக்கும் படம் அச்சிட்ட அட்டையும் அப்படியே இருந்தன. எவருடைய கையும் பட்டதாகத் தெரியவில்லை. விலை, என் மாணவனுடைய ஐந்து மாத ஊதியத்துக்கு மேல். அதனைக் கொடுத்தால் இறுதித் தவணைக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். இரண்டாவதும் அதே காலத்தது. ஆயின் ஒரு சிறுவன் நன்றாக விளையாடித் தீர்த்தது. விலை, ஒன்றரை மாத ஊதியம். மூன்றாவது, பழைய அச்சிலிருந்து அண்மைக் காலத்தில் மீண்டும் வார்த்த மறுபதிப்பு, புத்தம் புதியது. விலை, ஒரு வார ஊதியத்துக்குள் அடங்கும்.

கல்வெட்டையோ பழைய நாணயத்தையோ ஆராயப் புகும் மாணவர்க்கு வகுப்பில் நான் மூன்று வினாக்களைச் சொல்வதுண்டு. இதனை ஆக்கியவர் யார்? எப்போது ஆக்கினார்? ஆக்கிய பின்னர் இதன்மேற் கைவைத்தவர் யார்? அவ்வினாக்களை அவனே எனக்கு நினைவூட்டினான். அவற்றின்படியே பார்க்கத் தொடங்கினோம்.

முதல் வினாவுக்கு உள்ளங்காலிலுள்ள முத்திரை விடை தரும் என்று எண்ணத் தோன்றும். ஆயின் மறுபதிப்பும் பழைய அச்சிலிருந்தே வந்தது. அச்சிலுள்ள எழுத்து அதிலும் பதிந்திருக்கும். ஆகவே முத்திரை இருப்பது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. அச்சு பழையதாயினும் வினைல் புதியது. எனவே பொருளையே பார்க்க வேண்டும். பழைய வினைல் நாளடைவிற் சற்று இறுகி, நிறம் மங்கியிருக்கும். வினைலை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் சில வேளை மெல்லக் கசிந்து மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கும். அக்கசிவு பட்டால் அருகிலிருக்கும் வேறு வகைப் பிளாஸ்ரிக்கும் இளகிப்போகும். ஆதலால் சேகரிப்போர் பொம்மைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பதில்லை.

அடுத்தது வண்ணம். தகட்டில் துளை வெட்டி மறைப்பாக வைத்து, அதன்மேல் வண்ணத்தைத் தூவுவர். விளிம்பிலே மென்மையாகப் பரவிய தூவலும், பின்னாளில் தூரிகையால் தீட்டிய பூச்சும் உருப்பெருக்கியிற் பார்த்தால் வேறுபடும். தேய்வும் ஒரு சாட்சியே. விளையாடித் தேய்ந்த பொம்மையில் மூக்கு நுனி, கொம்பு, கால்விரல் ஆகிய புடைத்த பகுதிகளிலேதான் வண்ணம் போயிருக்கும். மடிப்புகளின் உள்ளே தேய்ந்திருந்தால் ஐயுற வேண்டும்.

மூன்றாவது, உறுப்புகள். தலையும் சிறகும் வாலும் தனித்தனியே வார்த்துப் பொருத்தப்படுவன. வெந்நீரில் வைத்தால் வினைல் இளகும். உறுப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். உறுப்புகள் மிகுந்த பொம்மைக்கு ஏமாற்றும் வாயிலும் மிகுதி. பகலொளி படும் சாளரத்தருகே கொண்டுபோய் இரு சிறகுகளையும் ஒப்பிட்டேன். இரண்டாவது பொம்மையின் இடச்சிறகு சற்றே பளிச்சென்றிருந்தது. நான் வாய் திறக்குமுன் கடைக்காரப் பெண்மணி விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டினார். 'இடச்சிறகு மறுபதிப்பிலிருந்து மாற்றப்பட்டது. நடுத்தலையின் கொம்பு நுனி இல்லை. உள்ளங்காலில் பெயர் எழுதப்பட்டுள்ளது' என்று அதிலே எழுதப்பட்டிருந்தது. அவர் எதனையும் மறைக்கவில்லை.

பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தோம். வலது காலின் அடியிலே, குழந்தைக் கையெழுத்தில், கறுப்பு மையால் யாரோ ஒருவனுடைய பெயர். முன்னெழுத்துகள் அழிந்துவிட்டன, கடைசி இரண்டு எழுத்துகளை மட்டும் வாசிக்க முடிந்தது. சேகரிப்போர் கணக்கில் இது ஒரு குறை, விலையைக் குறைக்கும். என் மூன்றாவது வினாவுக்கோ இதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

எதனை வாங்குவது?

முதலாவது குறையற்றது. ஆயின் அதன் பெறுமதியிற் பெரும்பங்கு பையிலும் அட்டையிலுமே இருக்கிறது. பையைத் திறந்த நாளில் அப்பங்கு போய்விடும். அதனைப் பெறுபவர் தொடாமல் வைத்திருக்க வேண்டும். தொட்டால் கொடுத்தவனின் ஐந்து மாத உழைப்புக் குறைந்துபோகும். தொட முடியாத பொருளை அன்பளிப்பாகப் பெறுவது ஒருவகையிற் பாரமே.

மூன்றாவதைப் பற்றி என் மாணவன் கேட்ட கேள்வி நியாயமானது. "அச்சு ஒன்றே, உருவம் ஒன்றே, பிறகு பழையதில் எதற்குச் சேர் காசு கொடுக்கிறோம்?" காலத்துக்குக் கொடுக்கிறோம் என்று விடை கூறலாம். ஆயின் காலம் மட்டும் எதற்கும் விலை தருவதில்லை. பழைய செங்கல்லும் பழையதுதான். அந்தப் பெரியவர் எட்டு வயதுச் சிறுவனாக இருந்த அதே நாள்களில், அதே நகரத்திலே, அவரைப் போன்ற இன்னொரு சிறுவனின் கையில் இருந்தது என்பதே இரண்டாவது பொம்மையின் தனித்தன்மை. மறுபதிப்பு எவ்வளவு அழகாயினும் அதனிடம் அது கிடையாது.

என் மாணவனுடைய தயக்கம் வேறு. "குறையுள்ள ஒன்றைப் பெரியவருக்குக் கொடுப்பது மரியாதையா, சேர்? எங்கள் வீட்டில் உடைந்த பொருளை எவருக்கும் கொடுக்கமாட்டார்களே" என்றான். அவன் சொன்னது உண்மை. நாம் தாம்பூலத் தட்டில் வைக்கும் வெற்றிலையிற்கூட நுனி கிழிந்ததைத் தள்ளிவிடுவோம். அவ்வழக்கத்துக்கு மாறாக அவனை நடத்த எனக்கும் துணிவில்லை. பொம்மையைப் பற்றி நான் கண்டவற்றைச் சொல்லலாம்; கொடுப்பவன் மனத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லலாகாது. "தம்பி, பொருளின் குறை நிறைகளை நான் சொல்லிவிட்டேன். இது யாருக்கு என்பதை என்னைவிட நீதான் அறிவாய்" என்றேன்.

அவன் நெடுநேரம் பேசாது நின்றான். கடைக்காரப் பெண்மணியும் அவசரப்படுத்தவில்லை. பின்னர் அவர் இரண்டாவது பொம்மையை எடுத்து, கையுறை இல்லாத அவன் கையிலேயே வைத்தார். அது மிக இலேசானது, உள்ளே வெறுமை. அதைப் பிடித்தவன் பெருவிரல், தன்னையறியாமலே, தேய்ந்த கொம்பின்மேற் போய் அமர்ந்தது. முன்பு வேறொரு விரலும் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். "இதைத் தாருங்கள்" என்று யப்பானிய மொழியிற் சொன்னான்.

தத்தெயிசியில்

நகானோவிலிருந்து தோசாய் சுரங்க ரயிலில் நிஹொம்பாசி சென்று, அசகுசா தடத்துக்கு மாறினால், அவ்வண்டியே கெய்செய் பாதையிற் புகுந்து தத்தெயிசி நிலையத்தில் நம்மை இறக்கும். கத்சுசிகா வட்டாரத்தின் பழைய முகத்தைக் காட்டும் இடம் இது. தக்காரா தொமி என்னும் பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் தலைமையகமும் இங்கேதான் இருக்கிறது. ஒடுங்கிய தெருக்கள், வாசலிலே பூந்தொட்டிகள், துவிச்சக்கரவண்டிகள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி.

பெரியவர் பொதியைப் பிரித்தார். பார்த்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பொம்மையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பின்னர் கழுத்துப் பொருத்தை முகர்ந்தார். இரு சிறகுகளையும் விரலாற் சுண்டி ஒலி கேட்டார். "இந்தச் சிறகு இளையது" என்றார். உருப்பெருக்கியும் சாளர ஒளியும் கொண்டு நான் கண்டதை, அவர் விரல் நொடியிற் கண்டுவிட்டது. என் மாணவன் முகம் வாடியது. அதனை மொழிபெயர்த்து எனக்குச் சொல்லும்போதே அவன் குரல் தணிந்தது.

பெரியவர் பொம்மையைக் கவிழ்த்தார். உள்ளங்காலிலிருந்த எழுத்தைப் பார்த்ததும் அவர் சிரிக்கத் தொடங்கினார். பூங்காவிலே பத்துச் சிறுவர் பத்து விலங்குகளைக் கொண்டுவந்து போர் நடத்துவார்களாம்; இருட்டியதும் எது யாருடையது என்று தெரியாமற் போகுமாம். அதனால் எல்லாத் தாய்மாரும் காலடியில் பெயர் எழுதச் சொல்வார்களாம். தாமும் எழுதியிருந்ததாகக் கூறினார். பட்டறையிலே தாம் இழுத்தவை பெரும்பாலும் பெண்குழந்தைகளின் பொம்மைக்குரிய கையும் காலுந்தான் என்றும், எண்ணிலடங்காத கைகளையும் கால்களையும் இழுத்தபோதும் அவற்றுள் ஒன்றேனும் தமக்கென்று இருந்ததில்லை என்றும் சொன்னார். இதைச் சொன்னபோது சிரிப்பு நின்றிருந்தது.

தேநீர் வந்தது. மாணவன், பொம்மையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், வெயில் படாமற் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எடுத்துரைத்தான். பெரியவர் தலையசைத்துக் கேட்டார். ஆயினும் நாங்கள் விடைபெறும்வரை அது அவர் மடியிலேயே இருந்தது.

போகிறவர்களுக்கு

நகானோவுக்குச் செல்ல விரும்பும் வாசகருக்குச் சில குறிப்புகள். கடைகள் பெரும்பாலும் நண்பகலை அண்டியே திறக்கும். இரவு எட்டு மணியளவில் மூடும். காலையிற் சென்றால் மூடிய கதவுகளையே காண்பீர்கள். பல கடைகளுக்குள் படம் பிடிக்க அனுமதியில்லை. பேழையிலுள்ள பொருளைக் கேளாமல் தொடலாகாது. பணிவாகக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். விலைச்சீட்டிற் குறைகள் யப்பானிய மொழியிலேயே எழுதப்பட்டிருக்கும். மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நலம். ஒரு சிறிய உருப்பெருக்கியையும் எடுத்துச் செல்லுங்கள்.

வாங்குவதாயின் பையும் அட்டையும் குலையாததை நாடுவதா, விளையாடித் தேய்ந்ததை நாடுவதா என்பது அவரவர் விருப்பம். இரண்டையும் விரும்புவோர் உளர்; இரு சாராரும் பிழையானவர் அல்லர். வாங்குமுன் பொருளின் குறைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எழுதிய பின்னர், அவற்றுள் எவை செய்தவன் விட்ட குறை, எவை விற்றவன் சேர்த்த குறை, எவை ஒரு குழந்தை மகிழ்ந்ததால் வந்த குறை என்று பிரித்துப் பாருங்கள். முதலிரண்டுக்கும் விலையைக் குறைத்துக் கேட்கலாம். மூன்றாவதற்குக் குறைத்துக் கேட்கும்போது சற்று யோசித்துக் கேளுங்கள்.